நாகர்கோவிலிலிருந்து இணையக் கார்ப்பந்தயம்: ஒரு ஃபைபர் இணைப்பின் பதினான்கு மாதங்கள்

நாகர்கோவிலை அடுத்த சுங்கான்கடையிலுள்ள எங்கள் வீட்டுக்கு, உள்ளூர்க் கேபிள்காரர் மூலமாக வரும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பைப் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். படம் பார்ப்பதற்கும் வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்வதற்கும் அது எப்படி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஞாயிறு இரவுகளில் ‘அசெட்டோ கோர்ஸா’ விளையாட்டில் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு, மார்த்தாண்டம் என்று பல ஊர்களில் இருக்கும் நண்பர்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஓட்டும் பந்தயத்துக்கு இந்த இணைப்பு தாங்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அதே நிறுவனத்தின் இணைப்பு பார்வதிபுரத்தில் ஒரு மாதிரியாகவும் தக்கலையில் வேறு மாதிரியாகவும் இருப்பதை நண்பர்கள் வீடுகளில் பார்த்திருக்கிறேன். தெருக் கம்பத்திலிருந்து வீடுவரை இழையை இழுப்பதும், அறுந்தால் ஒட்டுவதும், மழைக்காலத்தில் ஏணியோடு வந்து நிற்பதும் அந்தந்த ஊர்ப் பங்குதாரரின் ஆட்கள்தான். ஆகவே பெயரைப் பார்த்து இணைப்பு வாங்குகிறவருக்கு என் அனுபவம் நேரடியாகப் பொருந்தாது. இணைப்பில் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

முதலில் வேகத்தைப் பற்றி. சோதனைத் தளங்களில் பதிவிறக்கம் 98, பதிவேற்றம் 40 என்று சொன்ன அளவு குறையாமல் வருகிறது. பந்தயத்துக்கு அதில் மிகச் சிறிய பங்குகூடத் தேவையில்லை. ஒவ்வொரு காரின் இடம், வேகம், திசை, சக்கரங்களின் நிலை ஆகியவைதான் இணையத்தில் பயணிக்கின்றன. காரின் உருவமும் தடத்தின் படமும் நம் கணினியிலேயே இருக்கின்றன. 20 கார்கள் ஓடும்போதும் ஒரு எம்பிபிஎஸ்ஸைத் தொடுவதே அரிது. நம் நாட்டில் அகலப்பட்டை இணைப்பு என்பதற்கான வரையறையே வேகத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2013இல் 512 கேபிபிஎஸ்ஸாக இருந்த குறைந்தபட்ச அளவு 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது. விளம்பரப் பலகைகளும் அந்த ஒரே எண்ணைத்தான் பெரிதாக எழுதுகின்றன. கார் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டிய எண்கள் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்), ஜிட்டர் (அந்த நேரத்தின் ஏற்றத்தாழ்வு), பாக்கெட் இழப்பு (வழியில் தொலைந்துபோகும் தகவல் துண்டுகள்) ஆகிய மூன்றும். அவற்றை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

இந்த மூன்றில் எது முக்கியம் என்பதை ஒரு கணக்கு நன்றாகக் காட்டும். நாங்கள் அதிகம் ஓட்டுவது மாஸ்டா எம்எக்ஸ்-5. அதன் நீளம் 4 மீட்டருக்குச் சற்றே குறைவு. மோன்சா தடத்தின் நேர்ப்பகுதியில் அது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. எதிராளியின் தகவல் 70 மில்லிநொடி தாமதமாக வந்து சேர்ந்தால், அதற்குள் அவர் கார் ஏறத்தாழ ஒரு முழுக் காரின் நீளம் முன்னே போய்விட்டிருக்கும். இதை ஈடுகட்டத்தான் விளையாட்டு ஒரு ஊகத்தைச் செய்கிறது: கடைசியாகத் தெரிந்த வேகத்திலும் திசையிலும் கார் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதை அங்கே நகர்த்திக் காட்டுகிறது. நேர்ப்பகுதியில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திருப்பத்துக்கு முன் எல்லாரும் பிரேக்கை அழுத்தும்போதுதான் அது தவறுகிறது.

பிரேக் அழுத்தினால் காரின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 10 மீட்டர் என்ற கணக்கில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தகவல் எப்போதும் 70 மில்லிநொடி தாமதமாக வருகிறது என்றால், ஊகத்தில் விழும் பிழை இரண்டரை சென்டிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. நடுவில் ஒரே ஒரு முறை அரை நொடி தகவல் வராமல் போனால், அந்தப் பிழை ஒன்றேகால் மீட்டராகிவிடும். நெருங்கி ஓட்டும்போது முன்னால் போகிற காரின் பின்பக்கத்துக்கும் நம் மூக்குக்கும் இடையே இருப்பதே அந்த ஒன்றேகால் மீட்டர்தான். அதனால்தான் 70 என்று அசையாமல் நிற்கும் பிங்கோடு ஓட்டுகிறவர் நல்ல எதிராளியாக இருக்கிறார். 20க்கும் 500க்கும் நடுவே ஊசலாடுகிறவர் பக்கத்தில் யாரும் போவதில்லை. மோதல் நடந்ததா என்பதை ஒவ்வொருவர் கணினியும் தன் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவுசெய்வதால், ஒருவர் திரையில் இடி விழுந்து மற்றவர் திரையில் இடைவெளி இருப்பதும் உண்டு. இணைப்புக் கோளாறு உள்ளவர் மற்றவர்களின் பந்தயத்தையும் கெடுக்கிறார். இந்தப் பொறுப்புதான் என்னை இவ்வளவு தூரம் அளந்து பார்க்க வைத்தது.

இணைப்பு வந்த முதல் வாரத்தில், மோடத்திலிருந்து கணினிக்கு நேராக லேன் கேபிள் போட்டு அளந்தேன். சென்னைக்குப் பிங் 16 முதல் 19 மில்லிநொடி. எங்கள் பந்தயச் சர்வர் இருக்கும் மும்பைக்கு 36 முதல் 40. சிங்கப்பூருக்கு 56 அளவில். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. போய்த் திரும்பும் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி. நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ, டிஐசி ஆகிய கேபிள்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ளவை. முதலாவது 2002இலும் மற்றது 2004இலும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆக, சிங்கப்பூருக்கு இயற்கை விதிக்கும் குறைந்தபட்சத் தாமதமே 39 மில்லிநொடி. அதற்குமேல் 17 மில்லிநொடிதான் வழியிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்கின்றன என்பது, நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஒரு ஊருக்கு உண்மையிலேயே நல்ல அளவு. இடையில் ஒரு வாரம் மட்டும் பாதை மாறி, சிங்கப்பூர்ப் போக்குவரத்து முழுவதும் மும்பை வழியாகச் சுற்றிப் போய்ப் பிங் 95ஐத் தொட்டது. புகார் கொடுத்தபின் எப்போது சரிசெய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காலையில் பார்த்தால் பழைய எண் திரும்பியிருந்தது.

இத்தனை நல்ல எண்களோடு தொடங்கிய இணைப்பு, மூன்றாம் மாதத்தில் என்னைத் தலைகுனிய வைத்தது. மோன்சாவின் முதல் திருப்பத்தில், எனக்குப் பின்னால் வந்த மார்த்தாண்டத்து நண்பன் தன் திரையில் என் கார் நின்று, பிறகு குதித்து, அவன் மேலேயே வந்து விழுந்ததைப் பார்த்தான். என் திரையில் நான் ஒழுங்காகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். “லேய், ஒனக்க வண்டி தவள மாதிரி தாவுது, பக்கத்துல வர முடியல்ல” என்று ஹெட்போனில் அவன் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அன்று அவனோடு சேர்த்து மூன்று பேர் பந்தயத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

காரணம் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துத் தேடினேன், மூன்று இருந்தன. அவற்றில் இரண்டு என் வீட்டுக்குள்ளேயே இருந்ததைச் சொல்லாமல் கேபிள்காரரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

வீட்டில் வெள்ளையடித்தபோது கழற்றிய லேன் கேபிளை நான் மீண்டும் போடாமல், வைஃபையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தது முதல் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எங்கள் தெருவில் அந்த நேரத்தில் கணக்கிட்டால் பதினான்கு வைஃபைகள் அந்த மூன்றையும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறைகிறது. ஆனால் நம் ஊர்க் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் அது சோர்ந்துவிடுகிறது. 20 மீட்டர் கேட்-6 கேபிள் வாங்கிக் கதவு நிலையின் ஓரமாகக் கொண்டுபோய்க் கணினியில் செருகியதும், ஜிட்டர் இரண்டு மில்லிநொடிக்குள் அடங்கியது. பந்தயம் ஓட்ட நினைக்கும் யாரும் ஸ்டீயரிங் வீல் வாங்குவதற்கு முன் இதற்குச் செலவழிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது காரணம் பிடிபட நாளானது. இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டிலுள்ளவர்களின் கைப்பேசிகள் சார்ஜில் கிடக்கும்போது, அன்றைய படங்களும் காணொளிகளும் தாமாகவே மேலேறத் தொடங்குகின்றன. பதிவேற்றப் பாதை நிரம்பியதும் ரௌட்டர் மிஞ்சிய பாக்கெட்டுகளை எறியாமல் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. என் காரின் தகவலும் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ஒரு பக்கம் காணொளி ஏறிக்கொண்டிருக்க மறுபக்கம் சென்னைக்குப் பிங் போட்டுப் பார்த்தேன்: 17ஆக இருந்தது 240ஐத் தாண்டியது, ஏற்றத்தை நிறுத்தியதும் 17க்கே திரும்பியது. கேபிள்காரர் கொடுத்த ரௌட்டரில் இதற்கு வழியில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் மாற்று மென்பொருளை ஏற்றக்கூடிய வேறொரு ரௌட்டர் வாங்கி, பதிவேற்றத்தை 34 எம்பிபிஎஸ்ஸில் கட்டி, நீண்ட வரிசை சேரவிடாத ‘கேக்’ என்னும் வரிசைமுறையை அதில் இயக்கினேன். பதிவேற்ற வேகத்தில் ஆறு போயிற்று. அதற்குப் பதிலாக, வீடே படமேற்றினாலும் பிங் 22க்கு மேல் போவதில்லை. இந்தச் சோதனையை எவரும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். இணைப்பு சும்மா இருக்கும்போது மட்டும் பிங்கை அளந்து திருப்தியடைந்தது என் பிழை.

இவ்விரண்டையும் சரிசெய்த பிறகும் மழை பெய்த இரவுகளில் மட்டும் நூற்றுக்கு மூன்று, நான்கு பாக்கெட்டுகள் காணாமல் போயின. இது இணைப்பின் குறைதான். புகார் எண்ணுக்கு அழைத்தால், மோடத்தை அணைத்து மீண்டும் போடச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேட்டார்கள். எரியவில்லை என்றதும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று புகாரை முடித்துவிட்டார்கள். இப்படி மூன்று முறை. நான்காம் முறை, மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், வந்து சேரும் ஒளியின் அளவைப் படமெடுத்து, உள்ளூர் லைன்மேனுக்கே நேராக வாட்ஸப்பில் அனுப்பினேன். மைனஸ் 27.4 டிபிஎம் என்றிருந்தது (டிபிஎம் என்பது ஒளியின் வலுவை அளக்கும் அலகு; மைனஸுக்குப் பின்வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). இந்த வகை மோடம் தாங்குவதற்கு வகுத்துள்ள எல்லையே மைனஸ் 27. அதற்குக் கீழே போனால் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. ஆனால் வருகிற தகவலில் பிழைகள் மலிந்து, பாக்கெட்டுகள் உதிரத் தொடங்குகின்றன. படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, தொலைந்ததை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ள அங்கே நேரம் இருக்கிறது. பந்தயத்தில் தொலைந்த தகவலைத் திரும்ப அனுப்பினாலும் பயனில்லை; அது வந்து சேரும்போது கார் அந்த இடத்தில் இல்லை.

மறுநாள் காலையில் லைன்மேன் வந்துவிட்டார். முதலில் வீட்டுச் சுவரில் இருந்த இணைப்பைப் பிடுங்கிப் பவர் மீட்டரில் செருகிப் பார்த்தார். அங்கும் அதே அளவுதான். பிறகு ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறி, அங்கிருந்த பெட்டியைத் திறந்தார். எட்டு வீடுகளுக்கு ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. மேலிருந்தே குரல் கொடுத்தார்: “அண்ணே, பெட்டிக்குள்ள வெள்ளம் கேறியிருக்கு. ஒங்க வயரு மடங்கியும் கெடக்கு.” பெட்டியின் மூடியில் ஒரு பக்கக் கொக்கி உடைந்து, அந்த இடுக்கு வழியாக மழைநீர் இறங்கி, இழைகளை ஒட்டிய இடம் பச்சை பிடித்திருந்தது. எனக்கு வரும் இழை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டி, விரல் நகத்தைப்போல் வளைந்திருந்தது. கண்ணாடி இழை அவ்வளவு குறுக வளைந்தால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். அவர் அந்தத் துண்டை வெட்டியெறிந்து, இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, ஸ்பிளைசிங் மிஷினின் இரண்டு முனைகளிலும் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு இழைகளும் முனைக்கு முனை நெருங்கி, ஒரு பொறி தோன்றி, ஒன்றாகின. மீட்டர் மைனஸ் 19.8 காட்டியது. மூன்று டெசிபல் கூடினாலே ஒளி இரட்டிப்பாகும் என்ற கணக்கில் பார்த்தால், முன்பு வந்ததைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான ஒளி அந்த ஒரே ஒட்டில் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து பாக்கெட் இழப்பு சுழியம்.

புகார் எண்ணில் பேசுகிறவர்களைவிட ஏணியோடு வருகிறவர் மேலானவர் என்பது இந்தச் சேவையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த செய்தி. அவரும் அவரோடு இன்னொருவரும் சேர்ந்துதான் ஏறத்தாழ நானூறு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. தென்னை மட்டை விழுந்தால் கம்பி அறுகிறது, அணில் கடித்தால் அறுகிறது, உயரமான லாரி சந்துக்குள் புகுந்தால் அறுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்; அதே கம்பங்களின் மேல்தான் இந்த இழைகளும் தொங்குகின்றன. பதினான்கு மாதங்களில் இணைப்பு முழுவதும் அறுந்தது ஐந்து முறை. நான்கு முறை அன்றைக்கே சரிசெய்தார்கள். ஒருமுறை இரண்டு நாள் ஆனது.

மின்தடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரண்ட் போனாலும் ஃபைபரில் ஒளி வந்துகொண்டுதான் இருக்கும். 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை மோடத்துக்கும் ரௌட்டருக்கும் வைத்தால் போதும், இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் பந்தயத்திலிருந்து வெளியே விழாமல் தப்பலாம்.

நண்பர்களோடு பயிற்சி செய்ய வீட்டுக் கணினியிலேயே சர்வர் வைக்க விரும்புகிறவர்களுக்கு இந்த இணைப்பு அப்படியே உதவாது. ரௌட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன என்று பொருள். அசெட்டோ கோர்ஸா சர்வருக்கு வழக்கமான 9600ஆம் போர்ட்டை, அதாவது வெளியாட்கள் நுழையும் வாசலை, நாம் எவ்வளவு திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ஆட்டக்காரர்களின் கணினிகளை நேராக இணைக்கும் விளையாட்டுகளிலும் இதனால் சிலருடைய லாபிக்குள் (ஆட்டத்துக்கு முன் கூடும் இடத்துக்குள்) நுழைய முடியாமல் போகிறது. நிலையான முகவரி தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும் என்றார்கள். அது என் கைக்கு வர மூன்று வாரமும் ஏழு அழைப்புகளும் ஆயின. மற்றவர் சர்வரில் போய் ஓட்டுவதற்கு இது தேவையே இல்லை.

குலசேகரத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. அங்கே 5ஜி வயர்லெஸ் இணைப்பு வைத்திருக்கிறார்கள். ஓணம் விடுமுறையில் போனபோது அதிலும் ஓட்டிப் பார்த்தேன். வேகம் என் வீட்டைவிட இரண்டு மடங்கு. மும்பைக்குப் பிங் நண்பகலில் 48. இரவு ஒன்பதரைக்கு 55க்கும் 180க்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்கியது. ஒரே டவரை ஊரே பகிரும் நேரத்தில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். காலையில் தனியாகவோ நாலைந்து பேரோடு இடைவெளி விட்டோ ஓட்ட அது போதும். பதினெட்டுக் கார்கள் ஒரே திருப்பத்துக்குள் நுழையும் இரவுப் பந்தயத்தில் அதைப் பயன்படுத்தி மற்றவர்களைச் சிரமப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ஞாயிறு நான் பார்வையாளனாகவே இருந்துவிட்டேன்.

எங்கள் பகுதியில் ஞாயிறு பந்தயம் ஓட்ட நினைக்கிறவருக்கு இந்த இணைப்பை நான் தயங்காமல் சொல்வேன், மேலே எழுதிய மூன்றையும் செய்ய முன்வருவார் என்றால். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் உள்ள திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த வித்தியாசத்தில் நல்ல ரௌட்டர் வந்துவிடும். இணைப்புக் கொடுத்த அன்றே, ஆள் போவதற்கு முன், ஒளியின் அளவைக் கேட்டுச் சுவரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 25க்குக் கீழே இருந்தால் அப்போதே மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் இணைப்பு வருகிறதே என்பார்கள்.

கடந்த வாரம் அடுத்த ஆறு மாதத்துக்கும் கட்டணம் கட்டினேன். கம்பத்துப் பெட்டிக்குப் புது மூடி கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை லைன்மேன் அன்றைக்குச் சுற்றிவிட்டுப் போன நாடாவும் பாலித்தீன் உறையும்தான் எட்டு வீட்டு இழைகளுக்கும் கூரை. ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.